பத்து லட்சத்துச் சொச்சம்

ஏற்காடு பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும்.
எலுமிச்சை, புளிப்பு மிட்டாய், ஜன்னலோரச் சீட்டு
எல்லாம் பார்த்தாயிற்று.
கடைசியில் எண்தான் கேட்டது.

அடிவாரச் செக்போஸ்ட்டில் ஒன்று.
முதல் கொண்டை ஊசி வளைவில் இரண்டு.
அடுத்ததில் நான்கு, அப்புறம் எட்டு.
டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க
நான் இரட்டிப்பேன்.
பத்தாம் வளைவில் ஆயிரத்து இருபத்து நான்கு;
கீழே மேக்னசைட் குழிகள்
கொட்டிப்போன சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடக்கும்.
அதற்கு மேல் வாய் முணுமுணுக்கும்.
பக்கத்து சீட்டுக்காரர் மந்திரம் என்று நினைத்து
கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.
இருபதாம் வளைவு:
பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து
ஐந்நூற்று எழுபத்தாறு.
குளிர்காற்று வரும். வயிறு அடங்கிவிடும்.

வங்கியில் காசாளர் நான்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க
என் விரல் வழியே எண்கள் போகும்,
ஒன்றும் தங்காது.
இது தங்கியது.

ஒரு மதியம், தயிர்சாதம் ஆறிக்கொண்டிருக்க
சலானின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
1048576.
ஏழு இலக்கம். எதுவும் திரும்ப வரவில்லை.
வராதவை மூன்று, ஒன்பது,
அப்புறம் இரண்டு.
இரண்டு இல்லை.
இருபது இரண்டுகளைப் போட்டுக் கட்டிய வீட்டில்
இரண்டைக் காணோம்.
சலானைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
அப்போதும்.

முப்பத்திரண்டை நாலு தடவை பெருக்கிப் போனால் கதவு திறக்கும்.
பதினாறை ஐந்து தடவை, நான்கைப் பத்துத் தடவை,
ஆயிரத்து இருபத்து நான்கை அதனாலேயே ஒரு தடவை.
எதையும் மும்முறை பெருக்கி உள்ளே வர முடியாது.
மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும்.
ஐந்தால் ஒன்று, பதினொன்றால் ஒன்று,
முப்பத்தொன்றுக்கும் நாற்பத்தொன்றுக்கும் அதே ஒன்று.
ஏழு மட்டும் நான்கை மிச்சம் வைத்தது.
அது என்ன கணக்கோ.

வழியெல்லாம் சொன்னதைக் கூட்டினேன்,
செக்போஸ்ட் முதல் பத்தொன்பதாம் வளைவு வரை.
அதை மீதியின்றி வகுக்கிறவர்கள்
அதைத் தவிர இவர்கள்தான், வேறு ஆளில்லை.
எல்லாரும் வந்து நின்றும் ஒன்று குறைந்தது.

ஒரு ரூபாய் உதைக்கிற சாயங்காலம் எனக்குத் தெரியும்.
மேனேஜர் வரும்முன் என் பர்ஸிலிருந்து போட்டு
கணக்கை மூடுவேன்.
இதற்கு யார் போடுவது?

ஐப்பசியில் ஒருநாள் பாறை சரிந்தது.
பதின்மூன்றாம் வளைவு,
எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டில்
பஸ் மூன்று மணி நேரம் நின்றது.
மிளகு மூட்டைக்காரி என் தோளில் தூங்கிப்போனாள்.
ஈரத் துணியும் மிளகும் மணந்தன.
அதுவரை சொன்னதைக் கூட்டினால் 8191.
டிக்கெட்டின் முதுகில் மூன்றால் வகுத்தேன், ஏழால், பதினேழால்.
இடம் போதவில்லை.
கண்டக்டர் அர்த்தநாரியிடம் வீணான சுருள் வாங்கி
எண்பத்தொன்பது வரை போனேன்.
அதற்கு மேல் தேவையில்லை.

நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்:
என்னங்க கணக்கு?
இது எதுக்கும் பிரியாதுங்க.
மேலே பாறையும் அப்படித்தாங்க, என்றார்.

பஸ்ஸைத் திருப்பினார்கள்.
உச்சியைப் பார்க்காமலே பாதியாக்கிக்கொண்டு இறங்கினேன்:
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு,
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு.
சேலத்து விளக்குகள் ஒரு வளைவில் இடப்பக்கம்,
மறு வளைவில் வலப்பக்கம்.
நகரத்தையே யாரோ துணி உதறுவதுபோல் உதறினார்கள்.
செக்போஸ்ட்டில் ஒன்று.

பஸ் நிற்கவில்லை. ஒன்றைப் பாதியாக்க
எனக்கு மனசில்லை;
முழு எண்ணோடு நிறுத்திக்கொள்கிற ஆள் நான்.

கோரிமேட்டில் இறங்கி
பூட்டிய டீக்கடையின் பக்கவாட்டில் குனிந்து
வாந்தி எடுத்தேன்,
மூன்று தடவை.